பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடது தோள் சற்றே இறங்கிய முதுகு. பின்னலின் நுனியில் கறுப்பு ரப்பர் பேண்ட். புதுக்கோட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் ஒரு வீட்டின் முன்னறையை மட்டும் வாடகைக்கு எடுத்து, நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளுக்கு அவர் பிசியோதெரபி செய்துவந்தார். நடையைச் சரிசெய்ய வேண்டியவர், குழந்தை நடக்கும்போது பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அப்படி ஒருவரை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய் மதகுகளிலும் நடுகற்களிலும் உள்ள எழுத்துகளைப் படியெடுத்து, காலம் கணித்து, நோட்டில் எழுதிவைப்பேன். வீட்டிலும் அதே குணம்தான். யார் எந்தக் கிழமையில் என்ன சொன்னார் என்று குறித்துவைத்தால்தான் அன்றைய நாள் முடிந்ததாகத் தோன்றும். அவரைப் பற்றி என் நாட்குறிப்பில் முப்பத்தோரு இடங்களில் எழுதியிருக்கிறேன். அவருடைய சொந்த ஊர், வயது, படித்த கல்லூரி ஆகிய மூன்றும் அந்த முப்பத்தொன்றில் எதிலும் இல்லை. கேட்காமல் இல்லை. கேட்கும்போதெல்லாம் அவர் என் மகளைப் பற்றி ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பார். நான் பதில் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது. நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவள் குதிகால் தரையில் படாது. கொலுசு போட்டால் சரியாகும் என்றார்கள், கனமான ஷூ வாங்கச் சொன்னார்கள், பரதநாட்டியத்தில் சேர்க்கச் சொன்னவர்களும் உண்டு. பள்ளியில் கொக்கு என்று பெயர் வைத்தார்கள். அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள். குழந்தை மருத்துவர் ஒருவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, நரம்பில் கோளாறு இல்லை, கெண்டைக்கால் தசை இறுகிக்கொண்டே வருகிறது, இப்போதே நீட்டிப் பழக்காவிட்டால் பிறகு கத்திதான் வைக்க வேண்டும் என்று சொல்லி இவரிடம் அனுப்பினார்.

முதல் நாள் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. தெரு முழுக்கக் காற்றும் மண்ணும். வாசலில் எங்களை நிறுத்தி, போனில் சொல்லியிருந்தபடி யாழினியின் பழைய செருப்பை வாங்கிப் பார்த்தார். முன்பகுதி தாள் போலத் தேய்ந்திருந்தது. பின்பகுதியில் கடைக்காரர் ஒட்டிய அளவுச்சீட்டின் எண்கூட அழியவில்லை. செருப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வலது கால்தான் கொஞ்சம் கூடுதலா ஏறுது போல" என்றார். அதுவரை அவர் குழந்தையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

உள்ளே சுவரோரமாக ஒரு பலகை கிடந்தது. ஏதோ பள்ளிக்கூடத்தில் பிரித்துப்போட்ட மேடையின் பலகைகளை வாங்கி, தச்சரை வைத்து ஒரு செங்கல் உயரத்துக்குக் கால் கொடுத்து, பன்னிரண்டடி நீளத்துக்கு அடித்திருந்தார். அடியில் வெற்றிடம் இருந்ததால் அதன்மேல் எது பட்டாலும் சத்தம் வரும், குதிகால் பட்டால் தொம் என்று. அதற்கு முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அவித்த கடலையை உரிக்க ஆரம்பித்தார். உரித்த பருப்பு தரையில் இருந்த கிண்ணத்துக்குள் விழுந்தது. குழந்தைகள் பலகையில் போகலாம், வரலாம், வேண்டும்போது வந்து கடலை எடுத்துக்கொள்ளலாம். நட என்றோ நில் என்றோ அவர் சொல்வதில்லை. குழந்தைகள் அவரைக் கடலை மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

நடுவில் குந்திக் கடலை எடுத்துத் துள்ளி எழுந்து, யாழினி பலகையில் நாலைந்து முறை போய்வந்தாள். பூனை போவது போலத்தான் கேட்டது. கடலையை உரித்துக்கொண்டே அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"கோவம் வந்தா இவ எப்படி நடப்பா?"

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இவளுக்குக் கோவமே வராது மேடம். சொன்ன பேச்சுக் கேக்குற பிள்ளை" என்றாள் மனைவி, கொஞ்சம் பெருமையாகவே.

"வராதா?" என்றார். அந்தக் கேள்வியை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவைத்தேன். வருகிற எல்லாப் பெற்றோரிடமும் அவர் இதைக் கேட்டார் என்பது பிறகு தெரிந்தது.

ஏன் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று இரண்டாவது வாரம் நானே கேட்டேன். "நான் பாத்தா எனக்காக நடப்பாங்க சார். அப்புறம் எனக்கு என்ன தெரியும்?" என்றார். இதையும் அன்றே எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

அவர் அறையில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. 'குதிகாலை ஊன்று' என்று யாரும் குழந்தையிடம் சொல்லக் கூடாது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஐந்து வயதுப் பையனைக் கூட்டிவரும் ஒரு பெண்ணுக்கு இதில் பெரிய சங்கடம். கணவர் குவைத்தில் இருந்தார். தினம் சாயங்காலம் வீடியோ காலில் வந்து மகனை நடக்கவிட்டுப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே ஊன்று, ஊன்று என்பார். "அவுகளுக்கு எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாக மேடம்" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. இவர் அதை வாங்கினார். வணக்கம் சொன்னார். பிறகு போனைப் பலகையின் ஓரத்தில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்ணும் தெரியலையே, இருட்டா இருக்கு" என்றது குவைத்.

"தெரிய வேணாம்ணே. கேளுங்க."

பையன் பலகையில் ஓடினான். பிறகு, "எலி ஓடுற மாதிரியில்ல இருக்கு" என்று குரல் வந்தது.

"ஆமா. அதுக்கு நடுவுல தொம்முனு ஒண்ணு விழுந்தா எண்ணிக்கங்க. அவங்கிட்டச் சொல்லாதீங்க, என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அந்தப் பையன் வரும் நாட்களில் கவிழ்ந்து கிடக்கும் போனுக்குள்ளிருந்து, வெகு நேரத்துக்கு ஒரு தடவை, ரகசியம் சொல்வது போல "ஒண்ணு" என்று வரும். காத்திருக்கும் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஆவணி கடைசியில் ஒரு நாள் ஏழு வரை போனது. யாரும் சிரிக்கவில்லை.

அவர் திரும்பிப் பார்த்ததை நான் ஒரே ஒரு முறைதான் கண்டேன். திருமயம் பக்கத்திலிருந்து ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்திருந்தார்கள். அவனும் நுனிக்காலில்தான் நடந்தான். ஆடுசதை இரண்டும் உருண்டு திரண்டிருந்தது. பிறந்ததிலிருந்தே கெட்டிக் கால் என்று அவன் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பையன் கடலை எடுக்கத் தரையில் உட்கார்ந்தான். எழும்போது கையைத் தரையில் ஊன்றினான், பிறகு முழங்காலில் ஊன்றினான், பிறகு தொடையில் ஊன்றி, தன்னைத்தானே ஏணி வைத்து ஏற்றுவது போல எழுந்தான். கிண்ணத்தில் பருப்பு விழும் சத்தம் நின்றது. அவர் முக்காலியோடு திரும்பி அவனைப் பார்த்தார். பலகையில் ஏற விடவில்லை. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே மதுரைக்குப் போய் ரத்தம் சோதிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று தகப்பனாரிடம் நிதானமாக இரண்டு முறை சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடத்தில் போய்க் கேட்க வேண்டும் என்பதுவரை தாளில் இருந்தது. அவர்கள் போன பிறகு அன்று அவர் கடலையைத் தொடவே இல்லை. "நுனிக்காலில நடக்குறதெல்லாம் ஒண்ணு இல்ல சார்" என்று மட்டும் சொன்னார்.

கிண்ணம் ஏன் எப்போதும் தரையில் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. குந்தி உட்காரும்போது கெண்டைக்கால் தசை நீளும், அது ஒன்று. கையை ஊன்றி ஏறி எழுந்தால் தசையே நலியும் நோயாக இருக்கலாம், அதனால் எப்படி எழுகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அது இன்னொன்று. முதல் நாள் என் மகள் கையை ஊன்றாமல் துள்ளி எழுந்தாளே, அந்தச் சத்தத்தை முதுகால் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் பேச ஆரம்பித்திருக்கிறார்.

இனி என் பிழை. வீட்டில் செய்ய வேண்டியதை முதல் நாளே என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். யாழினியின் முழங்காலை மடக்காமல், குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்பாதத்தை முன்கையால் மெல்ல மேலே தள்ளி, முப்பது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். காலையும் மாலையும். எனக்கு வேலை எதுவும் தரவில்லை. நானாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினம் மாலை ஆறு மணிக்கு யாழினியை அடுப்படி வாசலிலிருந்து கேட் வரை ஐந்து முறை நடக்கவைத்து, எத்தனை அடியில் குதிகால் பட்டது என்று எழுதினேன். வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடும் இழுத்தேன். கோடு ஏறிக்கொண்டே போனது. புரட்டாசி பிறந்தபோது ஏறக்குறைய எல்லா அடியும் பட்டுவிட்டது. அலுவலகத்தில் மறு அளவை வேலை வந்து செவ்வாய்க்கிழமை விடுப்பு கிடைக்காமல் போனதும், கோட்டை நம்பி ஆறு வாரம் போகாமல் இருந்துவிட்டோம். அவர் போனில் விசாரித்தபோது கோடு நன்றாக ஏறுகிறது என்று சொன்னேன். காலையும் மாலையும் செய்த பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்தால் போதும் என்று மனைவியிடம் சொன்னவனும் நான்தான்.

ஐப்பசியில் மழையோடு போனோம். நோட்டை நீட்டினேன். ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். கேலி எதுவும் இல்லை. உண்மையான ஆர்வத்தோடு பார்த்தார்.

"கையெழுத்து ரொம்பச் சுத்தம் சார். இதெல்லாம் எத்தனை மணிக்கு எழுதுனது?"

"சாயங்காலம் ஆறு மணி. ஒரு நாள்கூடத் தப்பல."

"மத்த நேரத்துல?"

நோட்டில் ஆறு மணி மட்டும்தான் இருந்தது.

யாழினியை மேசையில் படுக்கவைத்து, கணுக்காலில் கோணமானியை வைத்து அளந்தார். பிளாஸ்டிக்கில் இரண்டு கை வைத்த கருவி. மறுபடி அளந்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "நீங்களே பாருங்க, ஒங்களுக்குக் கோணம் பழக்கம்தானே" என்றார். அளந்தேன். முழங்கால் நேராக இருக்கும்போது பாதம் செங்கோணத்தையும் தாண்டி மேலே வளைய வேண்டும். ஆடியில் செங்கோணத்துக்குச் சற்று முன்னால் நின்றது என்று அவர் அட்டையில் குறித்திருந்தார். இப்போது அதற்கும் முன்னாலேயே நின்றது. என் கோடு ஏறிய மூன்று மாதத்தில் கால் இன்னும் இறுகியிருந்தது.

என்னை நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் நிற்கச் சொன்னார். செருப்புகளுக்குப் பக்கத்தில் சாரலில் நின்றேன். உள்ளே யாழினி பலகையில் நடப்பது கேட்டது. பூனை நடைதான். "இப்ப வாங்க. ஒண்ணும் பேசாதீங்க, நோட்டை மட்டும் திறங்க" என்று கூப்பிட்டார். வந்து நின்று நோட்டைத் திறந்தேன். பேனா மூடியைக் கழற்றினேன். தொம், தொம், தொம் என்று பலகை அதிர்ந்தது. என் மகள் என் பேனாவைப் பார்த்துக்கொண்டே நடந்துவந்தாள்.

அவர் திரும்பாமலே கேட்டார். "யாழினி, இப்படி வச்சா ஒனக்கு வலிக்குதா?"

"ஆமா மிஸ்."

"அப்புறம் ஏன் வைக்கிற?"

"அப்பா எழுதுவாருல்ல."

அவர் கை துடைத்துக்கொண்டு எழுந்துவந்து என் நோட்டை வாங்கினார். "நீங்க பொய் எழுதல சார். நோட்டுக்கு முன்னாடி நடந்தத அப்படியே எழுதியிருக்கீங்க" என்றார். அதை மேசை இழுப்பறைக்குள், கோணமானிக்கு அடியில் வைத்து மூடினார். அவர் சொன்னது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திருச்சியில் அவர் சொன்ன எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். இரண்டு கால்களுக்கும் மாவுக்கட்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பிரித்து, பாதத்தை இன்னும் சற்று மேலே தள்ளி, மறுபடி கட்டுவது. மொத்தம் ஆறு வாரம். பொங்கல் முடிந்த திங்கட்கிழமை பார்ப்பார். கால் மறுபடி இறுகியிருந்தால் குதிகால் தசைநாணை வெட்டி நீட்டும் ஆபரேஷன். காலண்டரில் அந்தத் திங்களைச் சுற்றி வட்டம் போட்டது என் மனைவி. அன்று எனக்குப் பேனாவை எடுக்கத் துணிவில்லை.

கட்டுப் பிரித்தது கார்த்திகை கடைசியில். இரண்டு வேளைப் பயிற்சி மறுபடி தொடங்கியது. எனக்கும் இந்த முறை ஒரு வேலை தந்தார். யாழினி வீட்டில் நடமாடும்போது நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்து கேட்க வேண்டும், எழுதக் கூடாது. ஒரு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்தேன். முதல் வாரத்திலேயே தொம் கேட்டது. ஆனால் சந்தேகமும் கூடவே வந்தது. பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவருக்கு முதுகில் காது உண்டு என்று தெரிந்த குழந்தை, அப்பாவின் முதுகுக்காகவும் நடக்கலாமே. அடுத்த செவ்வாயன்று இதை அவரிடம் கேட்டேன். எனக்காக நடக்கிறாளா, தானாக நடக்கிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவர் ஒரு கடலையை உரித்து முடித்தார். "மொத நாளே கேட்டேனே சார். இன்னும் பதில் வரல" என்றார்.

ஓரிரு வருடம் கழித்து அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். வாடகை அறையைக் காலி செய்த அன்று மேசை, நாற்காலி எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, பலகையை மட்டும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டார். கயிறு கட்ட நானும் கை கொடுத்தேன். அப்போதுதான் நோட்டைத் திருப்பித் தந்தார். அதில் அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொங்கல் கழிந்த அந்தத் திங்கட்கிழமை நாங்கள் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போகவில்லை. அதற்கு முந்திய வாரம் செவ்வாயன்று கோணமானி செங்கோணத்தைத் தாண்டிக் காட்டியது. அவரே திருச்சிக்குப் போன் செய்து அளவைச் சொன்னார். இனி கத்தி வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும் என்று பதில் வந்தது. கண்டம் கழிந்த நாள் என்று என் மனைவி சொல்வது அந்தச் செவ்வாயை. என் கணக்கில் அது அதற்கு ஐந்து நாள் முந்திய வியாழன்.

அந்த வியாழனன்று பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. சனிக்கிழமை சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போகிறார்கள், பெற்றோர் கையெழுத்து வேண்டும். பாறை ஏற்றம், கட்டுப் பிரித்த கால், அடுத்து வரப்போகும் திருச்சித் திங்கள் எல்லாம் என் கண் முன்னால் நின்றன. போக வேண்டாம் என்றேன். யாழினி தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரிப்பா என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அதுதான் அவள் வழக்கம்.

"நீங்க மட்டும் வாராவாரம் கல்லப் பாக்கப் போறீங்க. அந்த மலைக்கே எத்தன தடவ போயிருக்கீங்க. என்னய ஒரு நாளாச்சும் கூட்டிட்டுப் போனீங்களா?"

"கால் சரியாகட்டும்மா."

"கால், கால், கால். ஒங்களுக்கு நான் வேணாம், என் கால் மட்டும் போதும்."

தாளை என் மடியில் எறிந்துவிட்டுத் திரும்பினாள். கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கொல்லை, மறுபடி கூடம். அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. டம்ளர் ஒன்று உருண்டது. அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். நான் கடலை மிஸ்ஸைப் போனில் அழைத்து, அதைத் தரையில் கவிழ்த்து வைத்தேன்.

"இப்ப எதுக்குப் போனைத் தரையில வச்சிருக்கீங்க?" என்று கத்திக்கொண்டே யாழினி என்னைத் தாண்டிப் போனாள். தொம், தொம், தொம்.

போனை எடுத்துக் காதில் வைத்தேன். மறுமுனையில் கடலை உடையும் சத்தம் இல்லை.

"என்ன கேட்டா?" என்றார்.

சொன்னேன். திருச்சித் திங்களையும் சொன்னேன்.

"அத அளந்து பாத்துட்டுச் சொல்றேன். மொதல்ல மலைக்கு அனுப்பி வைங்க சார். ஏத்தம் ஏறுனா அந்தத் தசைக்கு ரொம்ப நல்லது" என்றவர், வைக்கப்போகும் நேரத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொன்னார். "நீங்க கூடப் போகாதீங்க."